லிகோவின் தொப்புள்கொடி

வால்கேனோ, ஹவாயி
செப்டம்பர் 14

அண்ணா,

லிகோவின் படம் கேட்டிருந்தாய். போன மாதம் அனுப்பியதை உன் சிறைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடை போதாதாம். கடற்கரையில் ஜட்டியோடு நிற்கிற இரண்டரை வயதுக் குழந்தை. பின்னே, கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டா தண்ணீரில் இறங்கும்? அடுத்த தடவை கழுத்து முதல் கால் வரை மூடி எடுத்து அனுப்புகிறேன்.

போனில் பேசினால் நீ ஜோக் அடித்தே நேரத்தை ஓட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். ஜோசலின் மார்ச் வாக்கில் லாஸ் வேகாஸ் போகிறாள். லிகோவையும் கூட்டிக்கொண்டு. அவள் அக்கா அங்கே ஒரு சூதாட்ட ஓட்டலில் அறை துடைக்கிறாள். இவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். புனாவில் ஜோசலின் இருக்கிற வீட்டை டூரிஸ்டுகளுக்கு விடப்போவதாகச் சொல்லிக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு வீடு தேடினோம். காலியாக இருக்கிற வீடெல்லாம் டூரிஸ்ட் வீடு. அவற்றைத் துடைக்கப் போகலாம், குடியிருக்க முடியாது. நம் ஜனத்தில் பாதி வேகாஸில் கிடப்பது சும்மாவா?

அவள்மேல் கோபப்படாதே. நீ உள்ளே போனபிறகு உன் மகளைப் பெற்று, உன் பெயரைச் சொல்லிச் சொல்லியே வளர்க்கிறாள். அதற்குமேல் எந்தப் பெண்ணிடம் என்ன கேட்பது?

நேற்று ஃப்ரீசரைத் திறந்துகொண்டு நின்றாள். “நோஹியா, உங்க ஆளுங்க சாமான் இன்னும் எத்தன நாளைக்கு என் மீன் பக்கத்துல கெடக்கும்?” என்றாள். லிகோவின் தொப்புள்கொடி. குழந்தை உணவு ஜாடியில், துணி சுற்றி, நான் வைத்தபடியே இருக்கிறது. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் எனக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது.

அப்பாவுடையது, என்னுடையது, நம் வீட்டில் பிறந்த எல்லாருடையதும் எரிமலைப் பூங்காவுக்குள் புவுலோவாவில் பாறைக்குழியில் இருக்கிறது, உன்னுடையது ஒன்றைத் தவிர. லிகோவுடையதும் அங்கே போகவேண்டும், அவள் விமானம் ஏறுவதற்கு முன்னால். நான் தினமும் துடைக்கிற வீடுகளில், ‘எரிமலைப் பூங்காவில் ஒரு நாள்’ என்று மேசைமேல் ஒரு தாள் இருக்கும். எங்கே நின்றால் நெருப்பு நன்றாகத் தெரியும், எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும், எந்தச் செருப்பு போடக்கூடாது, எல்லாம் இருக்கும். எழுதியது நான்தான். ஓஹையோக்காரனுக்கும் ஒசாகாக்காரனுக்கும் வழி சொல்கிறேன். நம் வீட்டுப் பிள்ளையை இதுவரை ஒரு நாள் அந்த வாசலைத் தாண்டிக் கூட்டிப்போனதில்லை.

என்னுடையதை வைக்கப் போனபோது அப்பா உன்னைத்தான் கூட்டிப் போனார். நான் கைக்குழந்தை. இப்போது அப்பாவும் இல்லை. எந்த இடம் என்று தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். அந்த ஒருத்தனையும் கடல் தாண்டிக் கொண்டுபோய் அரிசோனா பாலைவனத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள், இங்கே சிறையில் இடமில்லையாம். சிறையிலும் இடமில்லை, வீட்டிலும் இடமில்லை.

பூங்கா வாசலில் இலவசமாகக் கொடுக்கிற வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பாவின் குழி எங்கே என்று குறித்து அனுப்பு.

நோஹியா


அரிசோனா
அக்டோபர் 6

நோ,

கடிதம் வந்தது. வந்தது என்றால் அதன் நகல். இப்போதெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு மூலத்தைக் கிழித்துப் போடுகிறார்கள். ஓரத்தில் லிகோ ஏதோ கிறுக்கியிருந்தாள். என்ன நிறம்? இங்கே கறுப்பாக வந்திருக்கிறது.

வரைபடம் வரவில்லை. வரைபடம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. தப்பி ஓட உதவுமாம். “சார், அது தீவு. நடுவுல கடல் இருக்கு” என்றேன். “ரூல்னா ரூல்தான்” என்றான் காவலன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

சொல்லிலேயே எழுதுகிறேன். சாலை மலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும். நீயே நூறு பேருக்குச் சொல்லியிருப்பாய். வண்டியை நிறுத்திவிட்டு, கல் அடுக்கி வைத்த குறிகளைப் பார்த்து நடந்தால் பலகைப் பாதை வரும். அது ஒரு மேட்டைச் சுற்றி வளைந்து போகும். மேடு முழுக்க அம்மை விழுந்தமாதிரி குழிகள். கடல் பக்கத்து வளைவில், பாறை பிளந்து ஒரு விரிசல் ஓடும். விரிசலுக்கு மேலே ஒரு குழி, அதைச் சுற்றி இரண்டு வளையம் செதுக்கியிருக்கும். அது தாத்தாவுடையது. அதற்கு வலப்பக்கம் அப்பா. அப்பாவுக்குக் கீழே நீ. அப்பா குனிந்து வைத்தார். நான் உன்னைப் பிடித்துக்கொண்டேன். காற்றில் உன் தொப்பி பறந்துபோய்விட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எனக்கு ஏழு வயது.

ஆனால் நோ, எனக்காகக் காத்திருங்கள்.

டிசம்பரில் பரோல் விசாரணை. இந்தத் தடவை கிடைத்துவிடும் என்கிறார்கள். வகுப்பெல்லாம் முடித்துவிட்டேன். யாரோடும் சண்டையில்லை. நான் கொண்டுபோய் வைக்கவேண்டும் அதை. அப்பன் வைக்கவேண்டும்.

என்னோடு அறையில் இருப்பவன் வயனாயேக்காரன், நம் ஆள்தான், பெயர் பூனி. அவனிடம் என் கதையைச் சொல்லித் தொலைத்தேன். அம்மா என் கொடியை சிகரெட் டப்பாவில் போட்டு அடுப்படிப் பலகையில் வைத்தது, அப்பா இந்த ஞாயிறு அடுத்த ஞாயிறு என்று கரும்பாலை வேலையில் தள்ளிப்போட்டது, எலி கொண்டுபோனது, எல்லாம். எலி கொண்டுபோன கொடிக்காரன் திருடனாவான் என்பது அவனுக்கும் தெரியும். “அப்ப உன்மேல கேஸ் போட்டதே தப்புடா. எலிமேலல்ல போட்டிருக்கணும்” என்றான். இப்போது மொத்த வரிசையும் என்னை எலி என்றுதான் கூப்பிடுகிறது. நானும் சிரிக்கிறேன்.

நம்புகிறாயா என்று கேட்காதே. டூரிஸ்ட் கார்க் கண்ணாடியை உடைத்தது எலியில்லை, இந்தக் கை. தெரியும். ஆனால் என் பிள்ளை விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்குக்கூட இடம் வைக்க எனக்குத் தைரியமில்லை. ஜாடி மூடியை இறுக்கி வை. கரண்ட் போனால் பார்த்துக்கொள்.

இன்னொன்று. இங்கே நம் ஆட்கள் சேர்ந்து நம் பாஷை படிக்கிறோம். கொடி வைக்கும்போது சொல்கிற வேண்டுதலை ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தார். மனப்பாடம். ஊரில் இருந்தவரை ஒரு வரி தெரியாது எனக்கு. சிறைக்கு வந்துதான் ஹவாயிக்காரன் ஆனேன்.

காத்திருங்கள்.

கைபோ


வால்கேனோ
நவம்பர் 20

அண்ணா,

வரைபட விஷயத்தைப் படித்துவிட்டு நான் சிரிக்கவில்லை. உன்னைப்போல எல்லாவற்றுக்கும் சிரிக்க எனக்கு வராது. தன் ஊர் எப்படி இருக்கும் என்று ஒருத்தன் தாளில் பார்க்கக்கூடாது என்றால் அது என்ன ரூல்? அந்தத் தாளை வாசலில் யாருக்கும் கொடுக்கிறார்கள். கப்பலில் வந்து இறங்கி, பகல் முழுக்கச் சுற்றிவிட்டு மாலையில் போகிறவன், அதில் மூக்கைச் சிந்தித் தூர எறிகிறான். நான் பொறுக்குகிறேன்.

பச்சை. அவள் கிறுக்கியது பச்சை நிறம்.

மலை மறுபடி பொங்கியிருக்கிறது. புவுலோவாவுக்கு இறங்குகிற சாலையை நிலநடுக்கத்துக்காக மூடிவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் போகமுடியாது. உடனே “பார், நெருப்புத் தாய் பெலேயே எனக்காகக் காத்திருக்கச் சொல்கிறாள்” என்று எழுதாதே. பெலே உன் பரோல் அதிகாரி இல்லை.

வீடெல்லாம் நிரம்பி வழிகிறது. நெருப்பைப் பார்க்க உலகமே வருகிறது. நேற்று ஒருத்தி, நல்லவள்தான், துண்டு கேட்க வந்தவள் கேட்டாள்: “பெலே தேவிக்கு ஜின் பாட்டில் வெச்சாப் பிடிக்குமாமே, எந்த இடத்துல வைக்கணும்?”

“நீங்களே குடிச்சுட்டுப் போங்க. அவ கேக்கல” என்றேன்.

என் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். ‘விருந்தினர்களிடம் கலாச்சாரத்தைக் கனிவோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்’ என்று எனக்கு ஒரு வகுப்பு. இந்த ஊர்க் கலாச்சாரத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் கலிபோர்னியாவிலிருந்து வந்து ஐந்து வருஷம்கூட ஆகாதவள்.

ஜோசலினிடம் காத்திருக்கச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“வேகாஸ்ல வளரப்போற பிள்ள. அவ கொடி மட்டும் இங்க பாறைக்குள்ள இருந்து என்ன பண்ணும்?”

“அது இங்க இருந்தாத்தான் அவளுக்கு இங்க பாத்தியதை.”

“பாத்தியதையா? உன் கொடி இங்கதான இருக்கு. எங்க, உனக்கு வாடகைக்கு ஒரு வீடு காட்டு பாப்போம்.”

நான் இப்போது இருப்பது முதலாளியம்மா வீட்டுப் பின்கட்டு, சலவை இயந்திரத்துக்குப் பக்கத்து அறை. அது உனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன். கடைசித் துணியை மடித்தபோது அவளே, “சரி விடு. அவன் வரட்டும். அப்பன் கூட ஒரு மாசம் இருந்துட்டுப் போகட்டும் பிள்ள” என்றாள். ஏப்ரல் கடைசிவரை தள்ளிப்போட்டிருக்கிறாள். அதற்காக அவள் அக்காவிடம் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை.

ஆக, காத்திருக்கிறோம். விசாரணையில் வாயைக் குறைத்துக்கொள். ஜோக் அடிக்காதே.

நோஹியா


அரிசோனா
ஜனவரி 18

நோ,

கிடைத்துவிட்டது.

மார்ச் கடைசியில் விடுகிறார்கள். இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னேன். பூனி என் முதுகில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது. “எலி பொந்தைவிட்டுப் போகுது” என்று வரிசை முழுக்கக் கத்தினான்.

நான் ஜோக் அடிக்கவில்லை. நீ சொன்னதால் இல்லை, சிரிக்கிறமாதிரி அங்கே எதுவும் இல்லை.

உன் அறையில் தரையில் படுத்துக்கொள்கிறேன் என்று முகவரி கொடுத்திருக்கிறேன். உன் முதலாளியிடம் பேசிவிடு. கூரை பழுது, மரம் வெட்டு, என்ன வேலை சொன்னாலும் செய்வேன் என்று சொல். அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். வழக்கமாக வருவதுதான். சில நிபந்தனைகளும் உண்டு. எல்லாருக்கும் போடுவதுதான். குடிக்கக்கூடாது, தீவைவிட்டுப் போகக்கூடாது, அந்தமாதிரி.

இனி திட்டத்தைக் கேள். நான் வந்து மூன்றாவது நான்காவது நாள் போகிறோம். விடியும் முன் கிளம்பவேண்டும். வெயில் ஏறினால் அந்தப் பாறையில் பிள்ளை தாங்காது. வழியில் எங்கும் நிறுத்தவேண்டாம், பெரிய எரிமலைப் பள்ளத்தை மட்டும் எட்டிப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போவோம். ஓஹெலோச் செடி பழுத்திருந்தால் முதல் கொத்து பெலேவுக்கு, பிறகுதான் லிகோவுக்கு. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாயா? லிகோவை நான் முதுகில் கட்டிக்கொள்வேன். ஜாடி உன் கையில். ஜோசலின் தண்ணீரும் முசுபிச் சோற்றுருண்டையும் கொண்டுவரட்டும். மற்ற எதையும் அவளைத் தூக்கவிடாதே.

குழி தோண்டக்கூடாது என்பது தெரியும். அப்பாவுடைய குழியிலேயே வைப்போம். ஒரே குழியில் இரண்டு மூன்று இருப்பது உண்டு என்று பெரியவர் சொன்னார்.

என் முகத்தைப் பார்த்து அவள் அழுதால் என்ன செய்வது? முதுகில் ஏறமாட்டேன் என்றால்? அதையும் யோசித்துவிட்டேன். நீ தூக்கிக்கொள். நான் முன்னால் நடக்கிறேன். வழி காட்டுகிறவன் முன்னால் நடப்பதுதானே முறை.

ரொம்ப எழுதிவிட்டேன்.

கைபோ


வால்கேனோ
பிப்ரவரி 11

அண்ணா,

‘எல்லாருக்கும் போடுவதுதான்’ என்று எழுதினாய். அதிகாரி இன்று வந்து போனார்.

ஹீலோக்காரர், நம் அப்பா வயது இருக்கும். சலவை அறையைப் பார்த்தார், படுக்கிற இடத்தைப் பார்த்தார், என் முதலாளியிடம் பேசினார். அவள் ‘சமூகத்துக்குத் திருப்பித் தருவதில் மகிழ்ச்சி’ என்று என்னவோ சொன்னாள். கூரை பழுது இலவசமாக நடக்கப்போகிற மகிழ்ச்சி. பிறகு அவர் நிதானமாக ஒவ்வொரு நிபந்தனையாகப் படித்துக் காட்டினார். கடைசியில் இருந்ததைப் படித்ததும், “இன்னொரு தடவை படிங்க அங்கிள்” என்றேன்.

படித்தார். பரோல் முடியும்வரை நீ எரிமலைப் பூங்காவுக்குள் கால் வைக்கக்கூடாது. டூரிஸ்ட் வண்டி நிற்கிற எந்த இடத்துக்கும் போகக்கூடாது.

“அவன் மகளோட கொடிய வைக்கணும் அங்கிள். புவுலோவாவுல.”

அவர் பேனாவை மூடினார். “என் பிள்ளைங்களோடதும் அங்கதான் இருக்கு. நான் எழுதுன நிபந்தனை இல்லம்மா இது.”

“மீறினா?”

“பாத்தா நான் சொல்லியே ஆகணும். திரும்ப அரிசோனா. மிச்சமிருக்கறத முழுசா உள்ளயே கழிக்கணும். உன் மருமக நாலாங்கிளாஸ் போயிடுவா.” எழுந்து போகும்போது, “பூங்காவுல வேலை செய்யறவங்கள்ல பாதிப் பேருக்கு அவன் மூஞ்சி தெரியும். மூணு தடவ புடிச்சவங்க அவங்கதான” என்றார்.

நீ மூன்று பக்கம் எழுதினாயே அண்ணா. ஓஹெலோவை யார் முதலில் தின்னவேண்டும் என்று எழுதினாயே. இது ஒரு வரி. இதை எழுத உனக்கு இடம் கிடைக்கவில்லை.

எனக்குக் கோபம் உன்மேல் மட்டுமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ திருடினாய். சரி. அதற்கு உள்ளே வைத்தார்கள். சரி. நீ திருடியது வண்டி நிறுத்துகிற இடத்தில். அதற்காக உன் தகப்பன் பாட்டன் கொடி இருக்கிற மலையையே உனக்குப் பூட்டுகிறார்கள். அந்தக் காரில் வந்தவன் நாளைக்கே திரும்பி வந்து பலகைமேல் நின்று நம் குழிகளைப் படம் எடுக்கலாம். வழியும் நானே சொல்லித்தரவேண்டும்.

எனக்கு ஒன்று மட்டும் பதில் சொல். தெரிந்துதானே மறைத்தாய்? தெரிந்தும் வரப்போகிறாயா?

நோஹியா


அரிசோனா
பிப்ரவரி 27

நோ,

ஆமாம். தெரியும். ஆமாம். வரப்போகிறேன்.

விசாரணை அன்றே கேட்டேன். திரையில் மூன்று முகம். “நான் தப்பு பண்ணது பார்க்கிங்லதான் சார். புவுலோவா வேற” என்றேன். நடுவில் இருந்த அம்மாள், “பூங்கான்னா மொத்தமும் பூங்காதான். சம்மதமா இல்லையா?” என்றாள். இல்லை என்றால் உள்ளேயே இருக்கவேண்டும். சம்மதம் என்றேன். அவள் அடுத்த ஃபைலை எடுத்துவிட்டாள்.

இப்போது சொல்கிறேன் கேள். ஜோசலினின் தம்பியிடம் வேன் இருக்கிறது. பின்னால் படுத்துக்கொள்கிறேன். வாசலில் யாரும் குனிந்து பார்க்கமாட்டார்கள். தாடி வளர்த்திருக்கிறேன், உடம்பு இளைத்துவிட்டது. தொப்பி போட்டால் நீயே அடையாளம் கண்டுபிடிக்கமாட்டாய். இருட்டோடு போய் வெளிச்சம் வருவதற்குள் திரும்பிவிடலாம். எத்தனை தடவை அந்த ரோட்டில் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கிறேன். அதில் மட்டும் எனக்கு அனுபவம் உண்டு.

மாட்டினால் மாட்டட்டும். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று தெரியும். பிள்ளை நாலாங்கிளாஸ். தெரியும். எப்படியும் ஏப்ரலில் வேகாஸ் போகிறாள். நான் தீவைவிட்டு நகரக்கூடாது. வெளியே இருந்தாலும் நான் அவளைப் பார்க்கப்போவதில்லை. போனில்தான். போன் இங்கேயும் இருக்கிறது.

எனக்கு அவளுக்கென்று செய்ய இது ஒன்றுதான் இருக்கிறது. பால் வாங்கிக் கொடுத்ததில்லை. டயபர் மாற்றியதில்லை. காய்ச்சல் வந்தபோது எழுதியிருந்தாய், படிக்கும்போது அவளுக்குக் குணமாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. இந்த ஒன்றை நான் என் கையால் செய்கிறேன். வேண்டுதலை தினமும் சொல்லிப் பார்க்கிறேன். பூனிக்கே பாடமாகிவிட்டது.

என்னை விட்டுவிட்டுப் போய்விடாதே. போனால் நீ என் தங்கச்சி இல்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கைபோ


வால்கேனோ
மார்ச் 13

அண்ணா,

போய்விட்டு வந்துவிட்டோம்.

உன் கடிதம் வந்ததும் ஜோசலினிடம் படித்துக் காட்டினேன். வேன் வரைக்கும் கேட்டுவிட்டு, “இவன் வருவான், நோஹியா. சொன்னா செய்வான்” என்றாள். “ஆமா” என்றேன். “அவன் வர்றப்ப அந்த ஜாடி இங்க இருக்கக்கூடாது” என்றாள். நான் நினைத்திருந்ததைத்தான் அவள் சொன்னாள். ஆனால் அவள் தலையில் கட்டமாட்டேன். முடிவு நான் எடுத்தது. அவளைத் திட்டாதே.

ஒரே வாக்கியத்தில் காரணம் சொல்கிறேன். வெளியே இருந்து போனில் பேசுகிற அப்பனும், சிறையிலிருந்து போனில் பேசுகிற அப்பனும் ஒன்று என்று எழுதினாயே, அது பொய், உனக்கே தெரியும்.

திங்கட்கிழமை போனோம். சாலையைத் திறந்துவிட்டார்கள். விடியும் முன் கிளம்ப முடியவில்லை, லிகோ எழுந்திருக்கவில்லை. பள்ளத்தை எட்டிப் பார்த்தோம். அன்றைக்கு நெருப்பு இல்லை, புகைதான். லிகோ “சோறு வேகுது” என்றாள். ஓஹெலோ ஒரே ஒரு செடியில் ஏழெட்டு சிவந்திருந்தது. முதல் கொத்தைப் பள்ளத்தின் பக்கம் வீசச் சொன்னேன். வீசினாள். மிச்சத்தை எனக்குக் கொடுக்காமல் தின்றாள்.

முதுகில் நான்தான் கட்டிக்கொண்டேன். காற்று தள்ளியது. நிழல் ஒரு கையகலம் கிடையாது. நீ சொன்ன விரிசலைக் கண்டுபிடித்தேன் என்று நினைத்தேன். அதேமாதிரி விரிசல் நாலைந்து இருக்கிறது. இரண்டு வளையம் போட்ட குழி கணக்கில்லாமல் இருக்கிறது. பலகைமேல் நடந்து நடந்து பார்த்தேன். ஜோசலின் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஏழு வயதுப் பையனுக்குப் பெரிதாகத் தெரிந்தது எனக்கு என்னவாகத் தெரியும்? தாத்தாவையும் அப்பாவையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னையும்தான். நீ இருந்திருந்தால் நேராகப் போய் நின்றிருப்பாய். அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. வேறெங்கும் அழவில்லை.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையிலிருந்து இறங்கினேன். எந்தக் குழியிலும் கால் படாமல் பார்த்துப் பார்த்து வைத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல். தொப்பி, கைத்தடி, வெள்ளைக்காரி.

“மேடம், ப்ளீஸ், பலகையை விட்டு இறங்காதீங்க. இது ஹவாயிக்காரங்களுக்கு ரொம்பப் புனிதமான இடம்.”

எனக்கு முன்னால் ஜோசலின் முந்திக்கொண்டாள். “ஐயோ, அப்படியா. அவங்க யாராச்சும் வந்தா சொல்லிடறோம்மா.”

அந்தம்மாளுக்கு எப்போது புரிந்ததோ. முகம் சிவந்துபோய், “ஸாரி, ஸாரி” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். நான் எழுதிய தாளிலும் அந்த வரி இருக்கிறது. பலகையை விட்டு இறங்காதீர்கள்.

காலியாக ஒரு குழி. ஆழம் ஒரு விரல் இருக்கும். பக்கத்தில் சின்னச் சின்னதாக நிறைய இருந்தன, ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல. தனியாக வைக்க மனம் வரவில்லை, அதனால் அதைத் தேர்ந்தெடுத்தேன். ஐஸ் பெட்டியில் கொண்டுபோன ஜாடியைத் திறந்தால் பனி பிடித்துக் கிடந்தது. லிகோவை இறக்கிவிட்டு, அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, உருகுகிறவரை உட்கார்ந்திருந்தேன். மிளகாய்க் காம்பு அளவுதான் இருக்கிறது. இதற்குத்தானா இவ்வளவு என்றும் தோன்றியது. பொய் சொல்லமாட்டேன்.

லிகோ கேட்டாள், “என்னுதா?”

“உன்னுதுதான்.”

“குடு.”

கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள். மீன் வாசனை என்றாள். பிறகு அவளே குனிந்து போட்டாள். நான் போடவில்லை, அண்ணா. உன் இடத்தில் நான் நிற்கவில்லை. அவளே போட்டாள். மேலே ஒரு கல்லை வைத்து அழுத்தினேன், அசையாதபடி.

உன் வேண்டுதல் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இவள் பெயர் லிகோ. இவள் அம்மா ஜோசலின், இதோ நிற்கிறாள். இவள் அப்பன் கைபோ. அவனை உள்ளே விடவில்லை, அதனால் அத்தை வந்திருக்கிறேன். அவ்வளவுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நீ வந்ததும் எந்த இடம் என்று சொல்கிறேன். எழுத்தில் வேண்டாம்.

திட்டு. தங்கச்சி இல்லை என்று சொல். ஆனால் விமானத்தைவிட்டு இறங்கி நேராகச் சலவை அறைக்கு வா. மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறேன்.

நோஹியா


அரிசோனா
மார்ச் 22

நோ,

கடிதம் வந்து நாலைந்து நாள் ஆகிறது. திட்டத்தான் உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்தேன். இங்கே தாளுக்குப் பஞ்சம், அதனால் இது கடைசித் தாள்.

அந்தத் திங்கட்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சாப்பாட்டு வரிசையில் நின்றிருப்பேன். இல்லை, அதற்கும் பிறகு. ஒன்றும் தெரியவில்லை. ஒரு தும்மல்கூட வரவில்லை. அப்படி ஒன்று நடந்தால் அப்பனுக்கு உள்ளே எங்காவது தட்டும் என்று நினைத்திருந்தேன்.

பூனியிடம் சொன்னேன். அவன் இந்தத் தடவை ஜோக் அடிக்கவில்லை. “இப்பவாவது சொல்லு” என்றான். கடல் எந்தப் பக்கம் என்று பார்த்தோம். கழிப்பறை இருக்கிற சுவர்ப் பக்கம். அதைப் பார்த்து நின்றுகொண்டு வேண்டுதலைச் சொன்னேன். பாதியில் மறந்துவிட்டது. மிச்சத்தை அவன் சொன்னான்.

நீ செய்தது சரி. ஆனால் நான் உன்னை மன்னிக்கவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

லிகோவிடம் என்னைப் பற்றி முன்னாலேயே எதுவும் சொல்லிவைக்காதே. பழகிப் பார்க்கிறேன். ஒரு மாதம் இருக்கிறது. முதல் நாளே கட்டிக்கொள்ளச் சொல்லி யாரும் அவளைத் தள்ளாதீர்கள். ஜோசலினிடமும் சொல். நான் பெட்டி கட்டித் தருகிறேன், எல்லாவற்றையும் நானே தூக்குகிறேன் என்று சொல். விமான நிலையத்தில் டூரிஸ்ட் வண்டிகள் நிற்கும். அந்தப் பக்கம் நான் நிற்கலாமா என்று அதிகாரியைக் கேட்டு வை.

வந்ததும் இடத்தைச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். சொல்லாதே. நான் கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே. அவர்கள் வேகாஸ் போன பிறகு ஒரு நாள் வந்து கேட்பேன், அன்றைக்கும் சொல்லாதே. கடல் பக்கமா மலைப் பக்கமா என்றுகூடச் சொல்லாதே.

தெரிந்தால் போய்விடுவேன்.

கைபோ